கேரட் அறுவடை நேரமும் ஒரு தாயின் தூக்கமும்: கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு என்னென்ன காரணிகள் என்று எந்தப் பாடநூலைத் திறந்தாலும் ‘குறைந்த வருமானம்’ என்று ஒரு வரி இருக்கும். கர்ப்பிணிகளிடமும் குடும்ப வருமானத்தைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். எழுதி முடித்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். பணம் குறைந்த வீட்டில் அந்தக் குறைவு எந்த வழியாகத் தாயின் உடம்பிலும் மனதிலும் இறங்குகிறது என்பது அந்த ஒரு எண்ணில் தெரியாது. நீலகிரி, கேத்திப் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டக் கூலிக் குடும்பம் ஒன்றில் நாங்கள் பார்த்த இந்த நிகழ்வில் அது நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், எப்போது எங்கே தூங்குகிறார், பகலில் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேறு ஆள் உண்டா? இவையெல்லாம் ஏழாம் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவராக, அந்தத் தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பெயரைச் சொல்லவில்லை.

குடும்பம்

வயது 25. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பிறந்து வளர்ந்தது பந்தலூர் தாலுகாவில் சேரம்பாடிப் பக்கம், டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் வரிசை வீடு (லைன் வீடு) ஒன்றில். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆன பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள் அவை. இவருடைய தாத்தா, பாட்டி அப்படி வந்தவர்கள். அம்மா இன்றும் அங்கே கொழுந்து பறிக்கிறார். பெயர் பதிந்த நிரந்தரத் தொழிலாளி.

இருபது வயதில் கல்யாணமாகிக் கேத்திப் பக்கம் வந்தார். கணவர் கேரட் அறுவடை செய்யும் ஒரு குழுவில் வேலை பார்க்கிறார். தகரக் கூரை போட்ட வாடகை வீடு, ஒரே அறை. அடுப்பும் படுக்கையும் அதற்குள்தான். கழிப்பறை வெளியே, நாலைந்து வீட்டுக்குப் பொது. மாமியார் அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி மூத்த மகனோடு இருக்கிறார். அவரும் களையெடுக்கப் போகிறவர். மூத்த பெண் குழந்தைக்கு நான்கு வயது. இரண்டாவது குழந்தை டிசம்பரில் சிசேரியனில் பிறந்தது. அதுவும் பெண். பிறந்தபோது எடை 2.6 கிலோ.

கர்ப்பத்தின் ஏழாம் மாதம் வரை களைவெட்டுக்கும் பீன்ஸ் பறிப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். பிறகு வயிறு இழுத்துப் பிடித்ததால் நின்றுவிட்டார். நின்ற நாளிலிருந்து அவர் கூலியும் நின்றது. மகப்பேறு நலச் சட்டம் 1961-இலேயே வந்தது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அன்றன்றைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகும் காய்கறித் தோட்டத்தில் அது எட்டிப் பார்ப்பதில்லை. வருகைப் பதிவேடே கிடையாது, அப்புறம் விடுப்பு எங்கே?

இதில் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. இவருடைய அம்மா இவரைப் பெற்றபோது தோட்டத்தில் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு எடுத்தவர். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி பெண்கள் அதிகம் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி; காப்பகமும் இருந்தது. “நாங்க பிள்ளைய ஆயாகிட்ட விட்டுட்டுக் கொழுந்துக்குப் போயிடுவோம் மேடம். பாலு குடுக்க நடுவுல விடுவாங்க,” என்று அந்த அம்மா சொன்னார். அடுத்த தலைமுறையில் மகளுக்குச் சம்பள விடுப்பும் இல்லை, காப்பகமும் இல்லை. வருமானத்தைப் பார்த்தால் மகள் குடும்பம் அம்மாவின் அன்றைய குடும்பத்தைவிடக் கூடுதலாகத்தான் சம்பாதிக்கிறது. பிரசவம் என்று வந்தால் மகள்தான் ஏழை.

பத்தாவது வாரம்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். பத்தாவது வாரத்துக்கு இவர் மாமியாரோடு வந்தார். பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா, கன்னத்தில் மை, நெற்றியில் பொட்டு எல்லாம் சரியாக இருந்தது. எடை மட்டும் ஏறவில்லை. ஆறாவது வாரத்தில் 3.5 கிலோ, இப்போது 3.7. நான்கு வாரத்தில் 200 கிராம் என்றால் எந்தச் செவிலியரும் நிமிர்ந்து பார்ப்பார்.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் நிமிர்ந்து பார்த்தது பிள்ளையை மட்டுமல்ல. ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. மற்ற தாய்மார்கள் ஊசிக்கு முன்பே பிள்ளையின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்று தொடங்கிவிடுவார்கள். இவர் பிள்ளையை மேசையில் கிடத்திவிட்டு, கையில் இருந்த தடுப்பூசி அட்டையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். மாமியார்தான் தூக்கினார்.

“என்னம்மா, உடம்பு எப்படியிருக்கு?” என்று கேட்டதற்கு, “நல்லாருக்கேன் நர்சம்மா” என்றார். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது வேறு பதில் வராது. செவிலியர் மாமியாரைக் காய்ச்சல் மருந்து வாங்க வரிசைக்கு அனுப்பிவிட்டு, “உன் எடையையும் பார்த்துடலாம் வா” என்று உள்ளே அழைத்துப்போனார். எடை 41 கிலோ. கதவைச் சாத்தி, “ராத்திரி தூங்குறியா?” என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. முதலில் சொன்னதெல்லாம் உடம்பைப் பற்றித்தான். தலை பாரம், நெஞ்சு அடைக்கிறது, தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது. கொஞ்ச நேரம் கழித்து, “பாப்பா தூங்குறப்பவும் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அது எப்ப முழிக்குமோன்னு பயமா இருக்கு. நான் நல்ல அம்மா இல்ல நர்சம்மா” என்றார்.

பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்பதைக் கேட்டால் யாராக இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் எல்லாத் தாய்க்கும் தூக்கம் கெடும்தான். சந்தர்ப்பம் கிடைத்தும் தூங்க முடியாதது வேறு.

எடின்பரோ பிரசவப் பின்மனச்சோர்வு அளவுகோலை வைத்துக் கேட்டோம். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது; தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அது நோயைத் தீர்மானிக்கும் கருவி அல்ல, யாரிடம் மேற்கொண்டு பேச வேண்டும் என்று காட்டுவது. அட்டையைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லாமல், செவிலியர் ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுக் கேட்டார். 19 வந்தது. தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு, ‘எப்போதாவது’ என்றார்.

அன்றே நான் பார்த்தேன். அழுகை, ஆர்வமின்மை, பசியின்மை, குற்றவுணர்வு எல்லாம் ஏழு வாரத்துக்கும் மேலாக இருந்திருக்கின்றன. பிரசவமான மூன்றாம் நாள் ஐந்தாம் நாள் வாக்கில் வந்து இரண்டு வாரத்துக்குள் தானாக மறையும் கலக்கம் இதுவல்ல. காதில் குரல் கேட்பது, யாரோ பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று நம்புவது, தூக்கமே தேவைப்படாமல் பரபரப்பாக இருப்பது போன்றவை இல்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பிரசவ மனப்பிறழ்வு அது. இருந்திருந்தால் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 8.4. தைராய்டு சரியாக இருந்தது. ரத்தசோகை சோர்வைக் கூட்டும். அதனால் மனச்சோர்வு மாதிரியே தோன்றவும் செய்யும். இங்கே இரண்டும் சேர்ந்தே இருந்தன.

எண்ணம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நேராகவே கேட்டேன். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஆவதில்லை, கேட்டால் பாரம்தான் இறங்கும். “பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடலாமான்னு இருக்கும் மேடம். பெரியவளை நெனைச்சுக்குவேன்” என்றார். திட்டம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டு ஒட்டுத் திண்ணையில் தோட்டத்துக்காரரின் பூச்சிமருந்து டப்பாக்கள் இருப்பது பேச்சில் தெரியவந்தது. காய்கறி விளையும் ஊர்களில் இதை எப்போதும் கேட்க வேண்டும்.

ஒரு நாள், ஓர் அறை

இரண்டு நாள் கழித்துச் செவிலியர் வீட்டுக்குப் போனார். அவர் எழுதி வந்த குறிப்புதான் இந்த நிகழ்வைப் புரியவைத்தது.

கேரட் அறுவடை பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கழுவி மூட்டை பிடித்த கேரட் காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் அறுவடை நள்ளிரவுக்கு மேல் தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, டிசம்பர், ஜனவரி மாத உறைபனியில், வெறுங்கையால் பிடுங்கித் தழையை ஒடித்து, மூட்டை கட்டி, கழுவும் இயந்திரம் இருக்கும் இடம் வரை ஏற்றிவிட வேண்டும். பகல் வேலையைவிடக் கூலி அதிகம். ஆனால் வாரம் முழுக்க இருக்கும் என்று சொல்ல முடியாது. விலை விழுந்தால் அறுவடை தள்ளிப்போகும்.

இந்த வீட்டில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு அலாரம் அடிக்கும். மனைவி எழுந்து டீ வைப்பார், சோறு கட்டுவார். ஒரு மணிக்கு ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொள்ளும். பால் கொடுத்து அதைத் தூங்கவைக்க இரண்டரை, மூன்று ஆகிவிடும். ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். ஏழு மணிக்கு மாமியாரும் அண்ணன் குடும்பமும் வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்குக் கணவர் வருவார், குளித்துச் சாப்பிட்டுப் பதினோரு மணிக்குப் படுப்பார். ஐந்து மணி வரை அந்த ஒரே அறையில் அவர் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் இரவு வேலைக்குப் போக முடியாது. அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை பிள்ளை அழக்கூடாது. பெரியவள் சத்தம் போடக்கூடாது. சிணுங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். வெயில் இருந்தால் படிக்கட்டில் உட்காருவார், மூடுபனி இறங்கினால் போர்வையைச் சுற்றிக்கொண்டு வரிசை வீடுகளின் முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். வெளியே ஆள் நடமாட்டத்தில் மார்பைத் திறந்து நிதானமாகப் பால் கொடுக்க முடியாது; பிள்ளை பாதியில் விட்டுவிடும். பச்சை உடம்புக்காரி மதியம் ஒரு மணி நேரம் படுப்பதற்கு அந்த வீட்டில் இடம் இல்லை. பிள்ளையின் எடை ஏறாததற்கும் தாய் தூங்காததற்கும் காரணம் இந்த ஆறு மணி நேரத்தில் இருந்தது.

பாதி குடித்தால் பால் சுரப்பு குறையும், குறைந்தால் பிள்ளை அடிக்கடி அழும், அழுதால் இன்னும் சீக்கிரம் வெளியே ஓட வேண்டும். “உனக்குப் பால் இல்ல, அதான் பிள்ள கத்துது” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்துதான் ‘நான் நல்ல அம்மா இல்லை’ தொடங்கியது.

மற்றவையும் இருந்தன. ஏழாம் மாதத்தில் அவருடைய அப்பா இறந்துபோனார். வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. போனில் யாரோ அனுப்பிய படத்தைத்தான் பார்த்தார். கருமாதிக்கும் போகவில்லை. எங்களிடம் பேசிய முதல் ஒரு மணி நேரத்தில் அவர் அதிகம் அழுதது இதற்காகத்தான். பிறந்த வீடு என்று சொன்னால், ஊட்டி போய், பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கி, தேவாலா, பந்தலூர் தாண்டிப் போக வேண்டும். கைக்குழந்தையோடு ஒரு பகல் போய்விடும். முதல் பிரசவத்துக்கு மூன்று மாதம் அங்கேதான் இருந்தார். அப்போதும் சில வாரம் காரணமில்லாமல் அழுதிருக்கிறார். அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு இவரைத் தூங்கவிட்டார், பத்தியச் சோறும் காய மருந்தும் நேரத்துக்குக் கிடைத்தன, நாளாவட்டத்தில் சரியாகிவிட்டது. யாரிடமும் காட்டவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவால் ஒரு வாரம்தான் வர முடிந்தது. அதற்கு மேல் நின்றால் அவருக்குச் சம்பளம் போகும்.

கடன். அப்பாவின் காரியத்துக்காகக் குழுவில் வாங்கியது, அதற்கு முன்பே வாங்கிய இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து வாரம் 850 ரூபாய். குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். இவர் இரண்டு வாரம் தவறவிட்டதில் பக்கத்து வீட்டுப் பெண்களே முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறுதலுக்குப் போய் நிற்கக்கூடிய வாசல்கள் எல்லாம் தவணைக்காரர் வாசலாகிவிட்டன. பணத்தட்டுப்பாடு பற்றிப் பேசும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை; என் பார்வையில் தொகையைவிட இது பெரிய பாதிப்பு.

கணவர் குடிப்பார். தினமும் இல்லை, கூலி வாங்கும் நாளில். கர்ப்பத்தின்போது இரண்டு முறை அடித்திருக்கிறார். இதைத் தனியாக இருக்கும்போது மட்டும்தான் கேட்டோம்.

பெண் குழந்தை. பிரசவ வார்டில் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் “மறுபடியும் பொட்டப்புள்ளையா” என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்காமலே போயிருக்கிறார். மாமியார் அப்படி எதுவும் சொல்லவில்லை. இந்த இடத்தில் மாமியாரைக் குற்றவாளியாக்குவது சுலபம். அவரும் இதே மாதிரி ஓர் அறையில் பிள்ளை பெற்று, பதினைந்தாம் நாள் மண்வெட்டி எடுத்தவர். “நாங்கள்லாம் இப்படியா அழுதுக்கிட்டு இருந்தோம்?” என்று அவர் கேட்டபோது அதில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது.

ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால்

தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களைப் பற்றிய முக்கியமான ஆய்வு வேலூர் பகுதியிலிருந்து 2002-இல் வந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் 359 பெண்களைச் சேர்த்து, பிரசவத்துக்குப் பின் 301 பேரைப் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்தபோது பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், உடல்ரீதியான உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை காரணிகளாக வந்தன. அந்தக் கடைசிக் காரணியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஆறுதல் வார்த்தை இல்லாமை என்று அது சொல்லவில்லை. துணி துவைக்க, பிள்ளையை வாங்க, சோறு பொங்க ஆள் இல்லாமை என்று சொல்கிறது.

அதே ஆண்டு கோவாவிலிருந்து வந்த ஆய்வில், பிரசவமான ஆறு முதல் எட்டு வாரத்தில் 23 சதவீதத் தாய்மார்களுக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமையும் கணவன் மனைவி உறவின் சீர்கேடும் முக்கியக் காரணிகள். குழந்தை ஆணா பெண்ணா என்பது கணவரின் வன்முறை, பசி போன்றவற்றின் பாதிப்பை மாற்றியமைத்தது என்றும் அது காட்டியது. 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்தியாவின் 38 ஆய்வுகளை, அதாவது இருபதாயிரத்துச் சொச்சம் தாய்மார்களைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 22 சதவீதம். பணக்கஷ்டம், வீட்டு வன்முறை, முன்பே மனநலப் பிரச்சினை இருந்தது, கணவரின் ஆதரவின்மை, பெண் குழந்தை என்ற அதே பெயர்கள்தான் அங்கேயும் திரும்ப வருகின்றன.

இந்தத் தாயிடம் இவை ஏறக்குறைய எல்லாமே இருந்தன. முதல் பிரசவத்தில் கலங்கியது தெரிந்திருக்கும், அப்பா இறந்தது தெரிந்திருக்கும், ரத்தசோகை அட்டையிலேயே இருக்கும், கடனும் அடியும் கேட்டால் தெரிந்திருக்கும். எதுவும் பிரசவத்துக்குப் பின் முளைத்ததல்ல. கேரட் அறுவடை நேரம் மட்டும் எந்த ஆய்வின் அட்டவணையிலும் இருக்காது. ஊருக்கு ஊர் அது மாறும். வால்பாறையில் வேறு, திருப்பூரில் இரவு ஷிப்ட், கடற்கரையில் படகு கிளம்பும் நேரம். குறைந்த வருமானம் என்று எழுதும் எல்லா இடத்திலும் அதற்குப் பக்கத்தில் இப்படி ஏதோ ஒன்று எழுதப்படாமல் இருக்கிறது.

என்ன செய்தோம்

முதலில் பாதுகாப்பு. பூச்சிமருந்து டப்பாக்கள் அன்று மாலையே தோட்டத்துப் பூட்டிய கொட்டகைக்குப் போயின. கணவர் வேலைக்குப் போகும் இரவுகளில் மாமியார் இங்கே வந்து படுப்பது என்று ஏற்பாடானது. 14416 என்ற மனநல உதவி எண்ணைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தோம்; அந்த அட்டை மட்டும்தான் அந்த வீட்டில் தொலையாமல் இருக்கும் காகிதம். பெண்களுக்கான 181 எண்ணை அவரிடம் தனியாகச் சொன்னோம், எழுதித் தரவில்லை.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்டி, மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை தொடங்கினோம். முதலில் 25 மில்லிகிராம், ஒரு வாரத்தில் 50. தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே போகும் மருந்து. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இதை மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னோம். சொல்லாவிட்டால் மாத்திரை அலமாரிக்குள்ளேயே கிடந்திருக்கும். இரும்புச்சத்து ஊசியாக ஏற்றப்பட்டது.

“ஆஸ்பத்திரியில சேர்த்துப் பிள்ளையப் பிரிச்சிடுவாங்களா?” என்று அவர் கேட்டார். சேர்க்கும் நிலையில் அவர் இல்லை. அப்படியே சேர்த்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் மனம்விட்டுப் பேசினார். இந்தப் பயத்தால் வாயைத் திறக்காத தாய்மார்கள் இந்த மலையில் எத்தனை பேரோ.

அடுத்தது அந்த ஆறு மணி நேரம். அண்ணன் வீடு பகலில் பூட்டித்தான் கிடக்கிறது. கணவர் அங்கே போய்ப் படுக்கலாமே என்று செவிலியர் கேட்டார். அவருக்கு முதலில் கௌரவக் குறைச்சலாக இருந்தது. பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறான் என்று பேசுவார்களாம். பிள்ளையின் எடை அட்டையைக் காட்டி, கோடு எங்கே படுத்துவிட்டது என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து வந்து குளித்த பிறகு அரைமணி நேரம் பிள்ளையை வைத்துக்கொண்டுவிட்டு, அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. சோறு கட்டும் வேலையை இரவு ஒன்பதுக்கே முடித்துவிட்டு, நள்ளிரவு டீயை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னோம். ஜீப் ஓட்டுநரிடம் ஹாரன் அடிக்க வேண்டாம், மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று செவிலியரே பேசினார். இவையெல்லாம் சிகிச்சையா என்று கேட்டால், நான் ஆமாம் என்றுதான் சொல்வேன். மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த ஏற்பாடு முதல் வாரத்திலேயே அவருக்குத் தூக்கம் கொடுத்தது.

வாராவாரம் செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். பெரிய உளவியல் பயிற்சி எதுவும் அல்ல. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு செய்த ஒரு திட்டத்தின் முடிவு 2008-இல் வெளிவந்தது. பிள்ளை பிறந்த ஆறாவது மாதத்தில், சாதாரண வீட்டு வருகை பெற்ற தாய்மார்களில் 53 சதவீதம் பேர் மனச்சோர்வில் இருக்க, பயிற்சி பெற்ற பணியாளர்கள் பேசிய குழுவில் அது 23 சதவீதமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் செவிலியரே இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. இங்கே பேச்சு மூன்று விஷயத்தைச் சுற்றி இருந்தது: தாயின் சாப்பாடும் ஓய்வும், பிள்ளையோடு தினமும் கொஞ்ச நேரம் முகம் பார்த்துப் பேசுவது, உதவிக்கு யாரை எப்படிக் கேட்பது. அப்பாவைப் பற்றிப் பேசவும் இடம் கொடுத்தோம். அம்மா லீவு போட்டு மூன்று வாரம் வந்தபோது, பிள்ளைகளோடு ஒரு நாள் சேரம்பாடிக்குப் போய் அப்பாவைப் புதைத்த இடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்தார். அதை யாரும் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அம்மாவும் மகளும் அவர்களாகவே முடிவு செய்தது.

பணம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இவருக்குப் பெட்டகம் வந்திருந்தது, பணம் வரவில்லை. ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து, வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து. அதைச் சரிசெய்ய ஒரு மாதம் போனது. வந்த பணத்தில் விடுபட்ட தவணைகள் முதலில் கட்டப்பட்டன, பக்கத்து வீட்டுப் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியது. பெரியவளை அங்கன்வாடியில் சேர்த்ததில் காலையிலிருந்து மதியம் வரை ஒரு பிள்ளைதான் வீட்டில். முட்டையோடு மதியச் சோறும் அங்கேயே ஆகிவிடுகிறது.

ஆறு மாதத்தில்

சிகிச்சை தொடங்கிய நான்காவது வாரம் மதிப்பெண் 13. பத்தாவது கேள்விக்கு ‘இல்லவே இல்லை’. பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது பிள்ளை 4.4 கிலோ. ஊசி போட்டதும் அவரே வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மதிப்பெண் 6, ஹீமோகுளோபின் 10.9.

சரியாகாதவையும் உண்டு. கணவரின் குடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அதற்குப் பிறகு அடிக்கவில்லை என்று தனியே கேட்டபோது சொன்னார். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கடன் முடியவில்லை, அதனால் ஐந்தாம் மாதமே மறுபடி பீன்ஸ் பறிக்கப் போக வேண்டியதாயிற்று. காப்பகம் இல்லாததால் மாமியார் வாரத்தில் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்கிறார்; மருமகள் கூலி உள்ளே வர, மாமியார் கூலி வெளியே போகிறது. மாத்திரை தொடர்கிறது. நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பதால், நிறுத்துவதை அடுத்த குளிர்காலத்துக்குள் கொண்டுபோக வேண்டாம், அது முடிந்த பின் பார்க்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். டிசம்பரில் பகல் குறுகி, உறைபனி விழுந்து, எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்ளும் மாதங்களில் அவரைத் தனியே விட எனக்கு மனமில்லை.

எங்கள் நிலையத்தில் ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும் எல்லாரிடமும் இப்போது சில கேள்விகளைச் செவிலியர்கள் தனியாக வைத்துக் கேட்கிறார்கள். முந்தின பிரசவத்துக்குப் பிறகு ரொம்ப நாள் அழுதிருக்கிறாயா, இந்த வருடம் வீட்டில் யாராவது தவறிப்போனார்களா, பிறந்த வீட்டிலிருந்து யார் எத்தனை நாள் வந்து இருப்பார்கள், வாரத் தவணை எவ்வளவு, வீட்டில் யாராவது கை ஓங்குகிறார்களா, வீட்டுக்காரர் எப்போது எங்கே தூங்குகிறார். கடைசிக் கேள்விக்குப் பலர் சிரிக்கிறார்கள், பிறகு பதில் சொல்கிறார்கள். சிக்கலில் மாட்டிக்கொள்ளக்கூடிய வீடுகள் தெரிந்துவிடுகின்றன. அந்த வீடுகளுக்குப் பிரசவமான இரண்டாவது, நான்காவது வாரங்களில் செவிலியர் போகிறார்.

இந்தத் தாயைப் பொறுத்தவரை இனிமேல் வரக்கூடிய பெரிய ஆபத்து ஒன்று பாக்கி இருக்கிறது. சிசேரியன் சமயத்தில் குடும்பக் கட்டுப்பாடு அறுவை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். காப்பர் டி மட்டும் போட்டிருக்கிறது. அதை எப்போது எடுப்பது, ஒரு பையன் வேண்டாமா என்ற பேச்சு தொடங்கியிருக்கிறதாம். இரண்டு சிசேரியன், ரத்தசோகை, இரண்டு முறை மனச்சோர்வு. கணவரையும் மாமியாரையும் அடுத்த வருகையில் ஒன்றாக உட்காரவைத்து இதைப் பேச இருக்கிறோம். தனக்கு மூன்றாவது வேண்டாம் என்று அவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் முன்னால் அதை அவரே சொல்ல விரும்புகிறார், பக்கத்தில் நர்சம்மா இருந்தால் போதும் என்கிறார்.